பிள்ளையின் வேலையும் நம் அவசரமும்

பெற்றோரே, குடும்ப வாட்ஸாப் குழுவில் வந்துவிழும் வேலை விளம்பரங்களை அப்படியே பிள்ளைக்குத் தள்ளிவிடும் பழக்கத்தை முதலில் விடுங்கள். 'விமான நிலையத்தில் வேலை, பிளஸ் டூ போதும், மாதம் 35,000, தங்குமிடம் இலவசம், இன்றே கடைசி நாள்' என்று ஒரு படம் வருகிறது. அனுப்பியவர் மதுரைச் சித்தப்பா. அவருக்கு அவருடைய அலுவலக நண்பர் அனுப்பினார். அந்த நண்பருக்கு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. படத்தில் நிறுவனத்தின் முகவரி கிடையாது, இணையதளம் கிடையாது, ஒரு கைப்பேசி எண் மட்டும் பெரிதாக இருக்கிறது. முழுதாகப் படிக்காமலேயே மகனுக்கு அனுப்புகிறீர்கள். அரை மணி நேரம் கழித்து, "அனுப்பினேனே, போன் பண்ணினியா இல்லையா?" என்று கேட்கிறீர்கள். உங்களுக்கு அது இன்னொரு ஃபார்வர்டு. அவனுக்கு அப்பாவின் கட்டளை. கூப்பிடுகிறான். எதிர்முனையில் பேசுகிறவர் பதிவுக் கட்டணமாக 1,500 ரூபாய் கேட்கிறார். அதையும் நீங்களே ஜிபேயில் போட்டுவிடுகிறீர்கள்.

கோபத்தோடுதான் எழுதுகிறேன். பிள்ளைகள் எந்நேரமும் போனிலேயே கிடக்கிறார்கள் என்று ஊரெல்லாம் குறைசொல்கிற நாம், அந்தப் போன் வழியாக நடக்கிற ஏமாற்றில் நம் பங்கு என்ன என்று பார்ப்பதே இல்லை. போலி வேலை காட்டிப் பணம் பறிக்கிறவர்களுக்குப் பெரிய கணினி வித்தை ஒன்றும் தேவைப்படவில்லை. வீட்டுக்குள் இருக்கிற நெருக்கடியை நம்பித்தான் அவர்கள் தொழில் நடக்கிறது. படிப்பு முடிந்து பல மாதமாக வீட்டில் இருக்கிறான் ஒரு பையன். அப்பா அலுவலகத்திலிருந்து திரும்பும் நேரமானால் மெல்ல மொட்டை மாடிக்கு நழுவிவிடுகிறான். அவர்களுக்கு வேண்டியது அந்தப் பையன்தான். அவனை மொட்டை மாடிக்குத் துரத்தியவர்கள் நாம்.

நம் வீடுகளில் பேச்சு எப்படிப் போகிறது? "எதிர்வீட்டுப் பையனுக்கு எட்டு லட்சம் பேக்கேஜாம்." "உன் கூடப் படிச்ச பொண்ணு பெங்களூர் போய்ட்டாளாம், அவங்க அம்மா ஸ்டேட்டஸ் போட்டிருக்காங்க." நம் காலத்தில் ஒப்பிட்டுப் பேச ஒரு தெரு இருந்தது, நாலு சொந்தக்காரர்கள் இருந்தார்கள். இன்று அந்தப் பையன் காலையில் லிங்க்டினைத் திறந்தால், கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக 'மகிழ்ச்சியோடு அறிவிக்கிறேன்' என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இன்ஸ்டாகிராமைத் திறந்தால் புது அலுவலகத்தின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். வேலை கிடைக்காதவர்கள் யாரும் அங்கே எதுவும் எழுதுவதில்லை. அதனால் தனக்கு மட்டும்தான் கிடைக்கவில்லை என்று அவன் நம்பிவிடுகிறான். அந்த நம்பிக்கையைத் தூக்கிச் சுமந்துகொண்டு கீழே இறங்கி வந்தால், சோற்றுத் தட்டுக்கு முன்னால் நாமும் அதையே சொல்கிறோம்.

நாம் வேலை தேடிய விதத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வரிசையில் நின்று பதிந்தோம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தோம். நேர்காணல் அட்டை தபாலில் வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். செய்தித்தாளில் விளம்பரத்தைக் கத்தரித்து, சுயவிலாசமிட்ட தபால்தலை ஒட்டிய உறையும் போஸ்டல் ஆர்டரும் வைத்து அனுப்பினோம். சான்றிதழ் நகலில் கையெழுத்து வாங்க கெசட்டட் அதிகாரியைத் தேடி அலைந்தோம். காலியிடங்களைக் குறிப்பிட்ட நிறுவனங்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 1959ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. நம் வேலைத் தேடல் அந்தச் சட்டத்தின் உலகத்தைச் சேர்ந்தது. அந்த உலகத்திலும் ஏமாற்றுக்காரர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு முகமும், பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியறையும் இருந்தன. போய்ச் சண்டை போட ஓர் இடம் இருந்தது.

பிறகு 1997இல் நௌக்ரி தளம் வந்தது, 2003இல் லிங்க்டின் வந்தது. 2016இல் ஜியோ வந்து டேட்டா மலிவானதும் எல்லோர் கையிலும் எல்லாமும் வந்துவிட்டது. நமக்குத் தெரிந்த வழிகள் பழையவை ஆனதில் நம் குற்றம் ஏதுமில்லை. பழைய வழியை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு புது வழியில் போகிற பிள்ளைக்கு உத்தரவு போடுகிறோமே, அதைத்தான் குற்றம் என்கிறேன்.

இன்று தனியார் வேலை எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறீர்களா? ஒரு காலியிடத்தை இணையத்தில் போட்டால் விண்ணப்பங்கள் வந்து குவிகின்றன. ஒரு பொத்தானை அழுத்தினால் விண்ணப்பம் போய்விடும் என்பதால் எல்லோரும் அழுத்துகிறார்கள். பல நிறுவனங்களில் முதல் சல்லடை மென்பொருள்தான். ரெஸ்யூமில் குறிப்பிட்ட சொற்கள் இருக்கின்றனவா என்று அது பார்க்கிறது. அதைத் தாண்டுவதற்குள் பிள்ளைகள் களைத்துப்போகிறார்கள். இன்னொரு வழி, அந்த நிறுவனத்தில் ஏற்கெனவே வேலை பார்க்கிற ஒருவர் சொல்லி அனுப்புவது. ரெஃபரல் என்கிறார்கள். அதற்குத்தான் கல்லூரி சீனியரைத் தேடிப்பிடித்து லிங்க்டினில் மரியாதையாக ஒரு செய்தி எழுத வேண்டியிருக்கிறது, தான் செய்த ப்ராஜெக்ட்டைப் பற்றி நாலு வரி பதிய வேண்டியிருக்கிறது. மனிதவளத் துறைக்காரர்களும் தங்களுக்கு வேண்டிய திறன் யாரிடம் இருக்கிறது என்று அங்கே தேடுகிறார்கள். விண்ணப்பமே போடாதவருக்குக்கூட அழைப்பு வருவது அப்படித்தான்.

வெளியிலிருந்து பார்த்தால் இதெல்லாம் போனை நோண்டுவதாகத்தான் தெரியும். மகள் ஒரு மணி நேரமாக ஒரு நிறுவனத்தைப் பற்றிப் படித்து, அங்கே இருக்கும் சீனியருக்கு எழுதிக்கொண்டிருப்பாள். 'எப்பப் பார்த்தாலும் போன்' என்று நீங்கள் ஒரு வார்த்தை விடுவீர்கள். அன்றைக்கு அவள் எழுதமாட்டாள். எழுதுவதற்கு அவளுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாதவருக்குக் கடிதம் எழுதி உதவி கேட்க நாம் அவளுக்கு எப்போதாவது கற்றுக்கொடுத்திருக்கிறோமா?

செய்த வேலையை நாலு பேர் பார்க்க வைப்பதும் இன்று வேலை தேடுவதன் ஒரு பகுதி. மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களை கிட்ஹப்பில் வைக்கிறார்கள். வடிவமைப்பாளர்கள் பிஹான்ஸில் வைக்கிறார்கள். ஆரி ஒர்க் போட்டு ரவிக்கை தைக்கும் பெண்கள், கல்யாண மேக்கப் செய்கிறவர்கள், வீட்டில் கேக் செய்து விற்கிறவர்கள் பலருக்கு இன்ஸ்டாகிராம் பக்கம்தான் கடைவாசல். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரப்பிள்ளைகளும் வயல்வெளியில் சமைத்துக் காட்டிய வில்லேஜ் குக்கிங் சேனல் 2018இல் தொடங்கி, 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டியது. எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்லவில்லை, நடக்காது. பிள்ளையை ரீல்ஸ் போடச்சொல்லி விரட்டவும் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த தொழிலைத் திருத்தமாகச் செய்து, அதைப் பார்க்கும்படி வைப்பவரை வீண்பொழுது போக்குகிறவராக நினைக்காதீர்கள் என்கிறேன்.

பெண்பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பையனுக்கு லிங்க்டினில் கணக்கு இருக்கலாம், போட்டோ இருக்கலாம். பெண்ணுக்கு என்றால் 'போட்டோ எல்லாம் எதுக்கு, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல பார்த்தா என்ன நினைப்பாங்க' என்கிறீர்கள். பெயரைப் பாதியாக வைக்கச் சொல்கிறீர்கள். ஊரைப் போடக்கூடாது, கல்லூரியைப் போடக்கூடாது. வேலை கொடுக்கிறவருக்கு முகமில்லாத, ஊரில்லாத ஒரு பக்கம் போலிக் கணக்கு மாதிரிதான் தெரியும். அதே பெண்ணின் பட்டுப்புடவைப் படங்களும் ஜாதகமும் சம்பள விவரமும் கல்யாணத் தளங்களிலும், தரகர்களின் வாட்ஸாப் குழுக்களிலும் நம் கையாலேயே ஊர் ஊராகச் சுற்றுகின்றன. அதில் மட்டும் நமக்கு பயம் வரவில்லை. வேலைக்காக அவள் தானே வைக்கும் ஒரு நல்ல படத்துக்கு ஏன் இவ்வளவு தடை?

பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லமாட்டேன். வேலை பேசுகிற தளத்திலும் தப்பான செய்தி அனுப்புகிற ஆண்கள் இருக்கிறார்கள். படத்தை எடுத்துத் திரித்து மிரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒன்று வந்தால் என்ன செய்வது என்று மகளோடு முன்கூட்டியே பேசுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைப்பது, அந்த ஆளை பிளாக் செய்வது, தளத்துக்குப் புகார் செய்வது, மிரட்டல் என்றால் தேசிய சைபர் குற்றத் தளத்தில் பதிவது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான குற்றங்களை அந்தத் தளத்தில் பெயரைச் சொல்லாமலும் பதியலாம். பெண்களுக்கான 181 உதவி எண்ணும் இருக்கிறது. இவ்வளவையும் விட அவளுக்கு வேண்டியது ஒன்று: விஷயத்தைச் சொன்னால் அப்பா போனைப் பிடுங்கமாட்டார் என்ற உறுதி. அந்த உறுதி இல்லாத வீட்டுப் பெண்களைத்தான் மிரட்டுகிறவன் மாதக்கணக்கில் மிரட்டுகிறான்.

இனி ஏமாற்றுகளுக்கு வருகிறேன். இவற்றின் வேலைமுறை தெரியாமல் பிள்ளைக்கு எச்சரிக்கை சொல்லிப் பயனில்லை.

டாஸ்க் மோசடி என்று போலீஸார் சொல்வது இப்படி நடக்கிறது. வாட்ஸாப்பிலோ டெலிகிராமிலோ ஒரு பெண் பெயரில் செய்தி வரும். பகுதிநேர வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம், யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால் ஒன்றுக்கு 50 ரூபாய், கூகுளில் ஓட்டலுக்கு நட்சத்திரம் கொடுத்தால் இவ்வளவு. பையன் சந்தேகத்தோடுதான் ஆரம்பிப்பான். 150 ரூபாய் உண்மையாகவே கணக்கில் வந்து விழும். மறுநாளும் விழும். பிறகு ஒரு குழுவில் சேர்ப்பார்கள். அங்கே இருக்கிற எல்லோரும் தினமும் ஆயிரக்கணக்கில் சம்பாதித்ததாக ஸ்கிரீன்ஷாட் போடுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் மோசடிக்காரர்களின் ஆட்கள். அடுத்த டாஸ்க்குக்கு முன்பணம் கட்ட வேண்டும், 1,000 கட்டினால் 1,300 வரும். வந்துவிடும். அதற்கடுத்து 5,000. பிறகு 20,000. இந்த முறை பணம் திரையில் தெரியும், கைக்கு வராது. எடுப்பதற்கு வரி கட்ட வேண்டும், தவறாக அழுத்திவிட்டாய், சரிசெய்ய இன்னொரு தொகை என்று நீளும். அம்மாவின் நகையை அடகுவைத்த பிள்ளைகள் இருக்கிறார்கள், லோன் ஆப்பில் கடன் வாங்கிக் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

ஏன் இரண்டாம் நாளே வீட்டில் சொல்லவில்லை? முதல்நாள் வந்த 150 ரூபாய், அவன் பல மாதத்துக்குப் பிறகு சொந்தமாகச் சம்பாதித்த பணம். முதல் தொகை போனபோது சொல்லவில்லை, ஏனென்றால் 'உனக்கு எதுக்குமே துப்பில்லை' என்ற வார்த்தை அவனுக்கு முன்கூட்டியே காதில் விழுந்துவிட்டது. போன பணத்தை யாருக்கும் தெரியாமல் மீட்டுவிடலாம் என்றுதான் அடுத்த தொகையைக் கட்டினான். 5,000இல் முடிந்திருக்க வேண்டியது லட்சத்துக்குப் போவது இந்த இடத்தில்தான். தொழில்நுட்பத்தைத் திட்டுகிற பெற்றோர் இந்த இடத்தை நன்றாகப் பார்க்க வேண்டும்.

இதைவிட மோசமான ஒன்று, கணக்கை வாடகைக்கு விடுவது. 'உன் வங்கிக் கணக்கைக் கொடு, அதில் பணம் வந்துபோகும், உனக்கு கமிஷன்' என்று கல்லூரி மாணவர்களிடம் கேட்கிறார்கள். ஏ.டி.எம். அட்டை, சிம் கார்டு, பாஸ்புக் மூன்றையும் வாங்கிக்கொள்கிறார்கள். வேறெங்கோ ஏமாந்த ஒருவரின் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகிறது. போலீஸ் தேடி வரும்போது முகவரி நம் வீட்டு முகவரி. கணக்கு முடங்குகிறது, வழக்கில் பையன் பெயர் ஏறுகிறது. அதற்குப் பிறகு எந்த நிறுவனத்தின் பின்னணிச் சரிபார்ப்பும் அவனுக்குச் சிக்கல்தான். 'சும்மா இருக்கிற கணக்குதானே, நாலு காசு வந்தால் நல்லதுதானே' என்று சம்மதித்த பெற்றோரும் உண்டு என்பதால் சொல்கிறேன்.

'பேக்டோர் வேலை'யில் நம் கை நேரடியாகவே இருக்கிறது. பெரிய ஐ.டி. நிறுவனத்தில் இரண்டு லட்சம் கொடுத்தால் உள்ளே போட்டுவிடுவார் என்று ஒருவரைத் தேடிப்போவது பெரும்பாலும் பிள்ளை கிடையாது, அப்பாவும் தாய்மாமாவும்தான். ஆஃபர் லெட்டர் வரும், நிறுவனத்தின் சின்னம் இருக்கும். சேரும் நாளில் வாசலில் காவலாளி திருப்பி அனுப்புவார். வேலை தருகிறவர் வேலைக்கு வருகிறவரிடம் பணம் கேட்கமாட்டார். பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், சரிபார்ப்புக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

வெளிநாட்டு வேலை என்றால் நம் அறிவு இன்னும் சீக்கிரம் மயங்குகிறது. 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் டிஜிட்டல் விற்பனை, மார்க்கெட்டிங் வேலை என்று சமூக ஊடக விளம்பரங்கள் மூலமாகவும், துபாயிலும் இந்தியாவிலும் இருக்கும் முகவர்கள் மூலமாகவும் ஐ.டி. தெரிந்த இளைஞர்களைப் பிடிக்கிறார்கள். சட்டவிரோதமாக எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டுபோய் அடைத்துவைக்கிறார்கள் என்று அது சொன்னது. அதே மாதம் தமிழ்நாடு முதலமைச்சர் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில், அங்கே சிக்கிய சுமார் 300 இந்தியர்களில் 50 பேர் அளவுக்குத் தமிழர்கள் என்று குறிப்பிட்டார். அக்டோபரில் மீட்கப்பட்ட 13 தமிழ் இளைஞர்கள் சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். தொலைக்காட்சியில் பார்த்தோம், உச்சுக்கொட்டினோம், மறந்துபோனோம். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் இரண்டே நாளில் 549 இந்தியர்களை அங்கிருந்து அழைத்துவர வேண்டியிருந்தது. இடையில் இருந்த இரண்டரை ஆண்டும் அந்த விளம்பரங்கள் வந்துகொண்டேதான் இருந்தன. நாமும் அவற்றை ஃபார்வர்டு செய்துகொண்டேதான் இருந்தோம்.

அங்கே என்ன நடக்கிறது என்று திரும்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பாங்காக்கில் இறங்கியதும் கார் வரும். அலுவலகம் பக்கத்தில்தான் என்பார்கள். பல மணி நேரம் ஓட்டி எல்லை ஊரான மே சோட்டுக்குப் போய், மோய் ஆற்றைத் தாண்டி மியாவடிப் பக்கம் கொண்டுபோவார்கள். பாஸ்போர்ட்டும் போனும் பறிக்கப்படும். பெண் பெயரில் போலிக் கணக்குகள் தொடங்கி, வெளிநாட்டில் தனியாக இருக்கும் ஆட்களிடம் பழகி, கிரிப்டோவில் பணம் போட வைக்க வேண்டும். இலக்கை எட்டாவிட்டால் அடி, மின்சார அதிர்ச்சி. வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான டாலர் கட்ட வேண்டும். அவர்களுக்கு ஆங்கிலம் தெரிந்து வேகமாக டைப் செய்கிற பிள்ளைகள் தேவை. கடன் வாங்கி நாம் இன்ஜினீயரிங் படிக்க வைத்த பிள்ளைகள் அந்தத் தகுதிக்குச் சரியாகப் பொருந்திவிட்டார்கள்.

இங்கிருந்து கிளம்பும் முன் சரிபார்க்க வழி இல்லையா? இருக்கிறது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் முகவர் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். இ-மைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டால் பதிவு உண்மையா, காலாவதியா, ரத்தா என்று தெரிந்துவிடும். முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் உச்சவரம்பு, அதற்கும் ரசீது உண்டு. தமிழ்நாடு அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று ஒன்றை 1978 முதல் நடத்திவருகிறது. சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகம் இருக்கிறது. சுற்றுலா விசாவில் போ, போனபிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சு முடிந்துவிட வேண்டும். ஒரு புடவை எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிற நாம், பெற்ற பிள்ளையை விமானம் ஏற்றும்முன் ஒரு தளத்தில் ஒரு பெயரைத் தட்டிப் பார்க்கச் சோம்பல்படுகிறோம். இது எனக்குப் புரியவே இல்லை.

உள்ளூர் வேலைக்கும் இதே கவனம்தான். நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் அந்தக் காலியிடம் இருக்கிறதா? மின்னஞ்சல் நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்ததா, யாரோ ஒருவரின் ஜிமெயிலிலிருந்தா? நேர்காணலில் ஒரு முகமாவது தெரிந்ததா, வாட்ஸாப் உரையாடலிலேயே முடிந்துவிட்டதா? மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களை இலவசமாக நடத்துகின்றன. தனியார் வேலைகளுக்கென்று மாநில அரசின் இணையதளமும் இருக்கிறது. அவற்றை ஃபார்வர்டு செய்யுங்கள்.

அடுத்து, நாமே இணையத்தில் எழுதிவைக்கிறவை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த அன்று மதிப்பெண் பட்டியலை அப்படியே படமெடுத்து ஸ்டேட்டஸில் போடுகிறீர்கள். அதில் பதிவு எண்ணும் பிறந்த தேதியும் இருக்கின்றன. முடிவுகள் தளத்தைத் திறக்க அந்த இரண்டும்தான் சாவி. வேலை கிடைத்ததும் ஆஃபர் லெட்டரைச் சம்பளத்தோடு போடுகிறீர்கள். மறுவாரமே 'உங்கள் மகனுக்கு ஆன்போர்டிங் கட்டணம் பாக்கி' என்று நிறுவனத்தின் பெயரைச் சரியாகச் சொல்லி அழைப்பு வந்தால், விவரம் எப்படிக் கசிந்தது என்று ஆச்சரியப்படாதீர்கள். பிள்ளை சாதித்ததைச் சொல்லிக்கொள்ள ஆசைதான். இனிப்போடு நாலு வீடு ஏறிச் சொல்லலாமே.

இன்னொன்றும் சொல்கிறேன், சிலருக்குக் கசக்கும். சாதிப் பெருமை பேசும் பாட்டுக்கு அரிவாளோடு ரீல்ஸ் போடுகிற மகனைப் பார்த்து, 'நம்ம ரத்தம்டா' என்று லைக் போடுகிற தந்தைகள் நம்மில் இருக்கிறார்கள். அந்த வன்மம் முதலில் பக்கத்துத் தெருப் பிள்ளையைச் சுடும். அதுவே அதை நிறுத்தப் போதுமான காரணம். அது போதவில்லை என்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஆள் எடுக்கிறவர்கள் பெயரைத் தேடிப் பார்க்கிறார்கள். அமெரிக்க விசா விண்ணப்பத்தில் கடந்த 5 ஆண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளை 2019 முதல் கேட்கிறார்கள். 2025 ஜூன் முதல் மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும் என்றார்கள். அதே ஆண்டு டிசம்பர் 15 முதல் எச்-1பி விசா கேட்பவர்களுக்கும், அவர்களைச் சார்ந்து எச்-4 விசாவில் போகிறவர்களுக்கும் அந்த விதி நீண்டது. ஓர் அரசு பிள்ளைகளின் பேச்சை இப்படித் துருவுவது சரியா என்று கேட்டால், எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் 19 வயதில் போட்ட ஒரு கமெண்ட்டுக்கு 24 வயதில் விசா நேர்காணல் ஜன்னலுக்கு முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கலாம் என்பதைப் பிள்ளையிடம் சொல்லிவைப்பது நம் பொறுப்பு. கோச்சிங்குக்கும் கன்சல்டன்சிக்கும் லட்சங்கள் கட்டுகிற பெற்றோரில் எத்தனை பேர் இதைப் பற்றி வீட்டில் ஒருமுறையாவது பேசினார்கள்?

பேசுங்கள் என்றதால் பிள்ளையின் கடவுச்சொல்லைக் கேட்கவேண்டாம், அவன் போனை ஒளிந்து பார்க்கவேண்டாம். வாரத்தில் ஒருநாள், சாப்பாட்டுக்குப் பிறகு, 'இந்த வாரம் எங்கெல்லாம் போட்டாய், யார் பதில் எழுதினார்கள், எங்களுக்குக் காட்டேன்' என்று கேளுங்கள். காட்டும்போது குறுக்கே பேசாதீர்கள். பதில் வராததைத் தோல்வியாக எண்ணாதீர்கள்; பத்து இடத்துக்குப் போட்டால் ஒன்பதிலிருந்து பதிலே வராது, இன்றைய நடப்பு அதுதான். 'சரி, அடுத்தது எது?' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கையில் இருக்கிற வேலைக்குப் போகவேண்டும் என்று நினைத்தால் போகட்டும். இன்ஜினீயரிங் படித்துவிட்டு டெலிவரிக்குப் போகிறானே என்று சொந்தக்காரர்கள் முன்னால் தலைகுனியாதீர்கள். உழைத்துச் சம்பாதிக்கும் பிள்ளையை வெட்கத்துக்கு உள்ளாக்கினால் அவன் அதைவிட்டு டெலிகிராமுக்குத்தான் போவான்.

பணம் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு அவன் வந்து நிற்கும் நாளில் முதல் ஒரு மணி நேரத்துக்குத் திட்டவே கூடாது. திட்ட நேரமும் இல்லை. சைபர் மோசடிகளுக்கான 1930 என்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். பணம் கைமாறிய சிறிது நேரத்துக்குள் சொன்னால், அது போய்ச்சேர்ந்த கணக்கில் தடுத்துநிறுத்த வாய்ப்பு உண்டு. ஒரு நாள் கடந்தால் பல கணக்குகள் தாண்டி எங்கோ போயிருக்கும். வங்கிக்குச் சொல்லுங்கள், பரிவர்த்தனை எண்ணை எடுத்துவையுங்கள், சைபர் குற்றத் தளத்தில் பதியுங்கள், அந்த டெலிகிராம் உரையாடலை அழிக்காமல் வையுங்கள். அன்று இரவு அவனைத் தனியாக விடாதீர்கள். ஏமாந்த அவமானத்தில் உயிரை விட்ட இளைஞர்களைப் பற்றிய செய்திகளை நாம் படித்திருக்கிறோம்.

வருகிற ஆவணியில் முகூர்த்தங்கள் நிறைய இருக்கும். மண்டப வாசலில் யாராவது உங்கள் தோளைத் தட்டி, "பையன் என்ன பண்றான், செட்டில் ஆயிட்டானா?" என்று கேட்பார்கள். பக்கத்தில் அவனும் நின்றுகொண்டிருப்பான். "தேடிக்கிட்டிருக்கான், நல்லாத்தான் தேடுறான்" என்று அவன் காதில் விழும்படி சொல்லுங்கள். சொல்லிவிட்டு அவனையும் அழைத்துக்கொண்டு பந்திக்குப் போங்கள்.